பிளக்ஸில் வெட்டி எடுத்த பேர்

அன்றைக்கு நான் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன்.

வில்லாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசல். காலை ஏழு மணி இருக்கும். பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தேன். இடது கை சவுக்குக் கம்பைப் பிடித்திருந்தது. வலது கையில் பந்தல்காரரிடம் இரவல் வாங்கிய கத்தி. முகத்துக்கு நேரே பன்னிரண்டு அடி உயரப் பிளக்ஸ். அதில் என் படமே என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றது.

மண்டபத்துக்குள் நாயனக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்கட்டிலிருந்து கேசரிக்கு நெய் காயும் வாசம். பனி இறங்கியிருந்ததில் பிளக்ஸ் ஈரமாக இருந்தது. கத்தி வழுக்கியது.

கீழே நின்ற கருப்பையா அண்ணாந்து பார்த்துச் சொன்னான்.

"அண்ணே, மாப்பிள்ள வீட்டு வேன் சமயநல்லூரத் தாண்டிருச்சாம். வெரசா அறுங்க."

கருப்பையா எங்கள் பட்டறை மேஸ்திரி. அவன் ரகசியம் பேசினால் அவனியாபுரம் வரைக்கும் கேட்கும். அவனுக்குச் 'சவுண்டு' என்று பேர் வைத்தவன் நான்தான்.

அந்தப் பிளக்ஸில் கொட்டை எழுத்தில் நான்கு எழுத்து இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் அந்த நான்கு எழுத்தும் இல்லாமல் போக வேண்டும். எழுபது வயதுக்காரன் ஏணி ஏறிய காரணம் அதுதான். என்ன எழுத்து, யார் எழுத வைத்தது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முக்கால் மணி நேரப் பேச்சு

போன மாதம் எங்கள் விளாங்குடி குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். தெருக்காரர்களுக்குள் அன்பாக நடந்துகொள்வது எப்படி என்று இரண்டு வார்த்தை. தண்ணீர்க் குழாய்ச் சண்டை, வண்டி நிறுத்துகிற சண்டை எல்லாம் முற்றிப்போய், ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் கெட்ட வார்த்தை வரைக்கும் வந்திருந்தது.

நான் முக்கால் மணி நேரம் பேசினேன். நன்றாகப் பேசினேன். இரண்டு வீட்டுக்காரர்கள் அங்கேயே கைகுலுக்கிக்கொண்டார்கள். சால்வை போட்டார்கள்.

ஆனால் இந்த ஏணிக் கதையை அங்கே சொல்லவில்லை. சால்வை போட்டுக்கொண்டு சொல்கிற கதையா இது? வீட்டுக்கு வந்தபிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இந்த வாரப் பத்தியில் உங்களிடம் சொல்கிறேன். வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். இந்த வாரம் எதையும் குறைக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

சாமி இல்லாத முனியசாமி

கப்பலூரில் என் பீரோ பட்டறை எது என்று கேட்டால் டீக்கடையில் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்து வழிகாட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கு மூன்று ஷெட்டு. மதுரைக்குத் தெற்கே எந்தத் தெருவுக்குள் வேண்டுமானாலும் நுழையுங்கள். நான் வளைத்த தகட்டில் சேலை மடித்து வைத்திருக்கும் ஒரு வீடாவது இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் அப்பா பேர் முனியசாமி. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில், அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டவர். எங்களுக்கென்று கால் வைத்து நிற்க ஒரு அடி மண் கிடையாது. அந்த நிலத்துக்காரர் வீட்டில் அப்பா பேரில் பாதியைத்தான் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் பேரில் சாமி வரக் கூடாதாம். பால் குடி மறக்காத பிள்ளைகூட, "ஏலே முனியா" என்றுதான் கூப்பிடும்.

அப்பா, "வாரேன் சாமி" என்று ஓடுவார். தன் பேரில் வெட்டி எடுத்ததை அவர்களுக்கே கொடுத்துவிட்டு வருகிற மாதிரி இருக்கும் எனக்கு.

அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பட்டறை ஆரம்பித்த அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். இங்கே யாரும் யாரையும் 'ஏலே' போடக் கூடாது. யார் என்ன சாதி என்று கேட்கக் கூடாது. மத்தியானம் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், நான் உட்பட. இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. இதை எந்தக் கூட்டத்திலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதை ஓட்டை என்று எனக்குத் தெரியவில்லை.

நான் எல்லாருக்கும் பட்டப்பேர் வைப்பேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் வைத்துவிடுவேன். கருப்பையா சவுண்டு. கூட்டிப் பெருக்கித் தகட்டில் எண்ணெய் துடைக்கிற பேச்சியம்மா ஒல்லி, அதனால் குச்சி. நான் வைத்த பேர் ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்தத் தின்னரைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எனக்கு அதில் ஒரு கர்வம். பேர் வைத்துவிட்டால் ஆள் நம்ம ஆள் ஆகிவிட்டான் என்று அர்த்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள்

எங்கள் பெயிண்டர் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சௌராஷ்டிரக்காரர். முன்னால் சாயப் பட்டறையில் இருந்தவர் என்பதால் நிறம் பார்க்கிற கண் அவருக்கு இருந்தது. மயில் கழுத்து நிறத்தில் ஒரு பீரோவுக்கு அடித்தாரென்றால், பீரோவைத் தொட்டால் கையில் ஒட்டிக்கொண்டு வருமோ என்று இருக்கும். என் பீரோ ஓடியதற்கு நான் வளைத்த தகடு பாதிக் காரணம், அவர் அடித்த நிறம் பாதி. தகடு ஒரு பிடி கூடுதல்.

அவர் வீட்டுக்குப் போன் பேசினால் அவர்கள் பாஷையில் பேசுவார். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். நாள் பூராவும் வாய் திறக்காத மனுஷன் அந்தப் பாஷையில் மட்டும் சிரிப்பார்.

அவர் சேர்ந்த நாலாம் நாள். ஒரு கல்யாணச் சீர் பீரோவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். போய்ப் பார்க்கிறேன், கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. பெயிண்ட் நெடியாக இருக்கும் என்று முகத்தைக் கழுவச் சொன்னேன். கழுவிவிட்டு வந்தும் நிற்கவில்லை. ஈரமாக இருந்த கதவில் ஒரு சொட்டு விழுந்து நிறம் குழம்பிவிட்டது.

நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்னய்யா, சரியான அழுகுணிய வேலைக்குச் சேத்துட்டேன் போல" என்றேன்.

ஷெட்டே சிரித்தது. அவரும் சிரித்தார். பேர் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவர் அழுகுணி. "அழுகுணி, அந்தக் கட்டிலுக்கு ரெண்டாவது கோட்டு." "அழுகுணி, டீ வந்துருச்சு." அவரும் திரும்பிப் பார்ப்பார். லோடு ஏற்ற வருகிற டிரைவருக்குக்கூட அந்தப் பேர்தான் தெரியும்.

பத்திரிகை

மகளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை கொண்டுவந்தார். தட்டில் பூ, பழம், வெற்றிலை எல்லாம் முறையாக வைத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் போகாமல் நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுய்யா. நான் இல்லாம யாரு?"

"கல்யாணத்தன்னிக்கு மட்டும் அந்தப் பேர யாரும் சொல்லாம இருந்தாத் தேவல."

எந்தப் பேர் என்று கேட்டேன். உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு அந்தப் பேரைச் சொன்னார். அவர் வாயால் அதைச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் திண்டுக்கல்லாம். அவர்களும் இவர்கள் ஆட்கள்தான், கௌரவமான குடும்பம். தனக்கு அந்தப் பேர் பழகிவிட்டது, மகளுக்குத்தான் தாங்காது என்றார். சின்னப் பிள்ளையாக இருக்கையில் ஒரு ஆயுத பூஜைக்கு அவளைப் பட்டறைக்குக் கூட்டி வந்திருக்கிறார். எல்லாரும் அப்பாவை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் ஒரு பூஜைக்கும் வரவில்லை. நான் வருஷா வருஷம் பிள்ளை எங்கே என்று கேட்பேன். பரீட்சை, காய்ச்சல் என்று அவர் ஏதாவது சொல்வார். நானும் நம்பி, பொரிகடலைப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்புவேன்.

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. பாசத்தில் வைத்த பேர்தானே, அழுத ஆளை அழுகுணி என்று சொன்னதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அன்றைக்கு ஏன் அழுதார் என்பதை இருபது வருஷம் கழித்துச் சொன்னார். எட்டு மாதக் குழந்தை பெரியாஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. இந்தக் கல்யாணப் பெண்தான். தாய் மட்டும் கூட இருந்திருக்கிறாள்.

அட, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் வண்டியிலேயே அனுப்பியிருப்பேனே என்றேன். அது பொய்யில்லை. அனுப்பியிருப்பேன்.

"மூஞ்சியக் கழுவிட்டுக் கேக்கத்தாண்ணே வந்தேன். அதுக்குள்ள நீங்க பேரு வச்சிட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் எப்பிடிக் கேக்க?"

இதை எழுதும்போது மருமகள் நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது தாயி, அப்படியே எழுது.

என் வாய்

மறுநாள் ஷெட்டில் எல்லாரையும் கூட்டினேன். கல்யாணத்தன்றைக்கு எவன் வாயிலிருந்தாவது அந்தப் பேர் வந்தால் மறுநாள் ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றேன். ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். கருப்பையாவைத் தனியாகக் கூப்பிட்டு, நீ வாயே திறக்காதே என்று சொன்னேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்தது பிளக்ஸ். மதுரையில் பிளக்ஸ் இல்லாமல் கல்யாணமா? பட்டறை சார்பில் பெரிதாக வைத்து அவருக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். டைப் அடிக்கிற வேலையெல்லாம் கிடையாது. அதனால் பிளக்ஸ் அடிக்கிற தம்பிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"தம்பி, நம்ம அழுகுணி வீட்டுக் கல்யாணம். பன்னெண்டு அடி வேணும். என் படத்தப் பெருசாப் போடு."

சொன்னதே எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாக அந்த ஆளுக்கு என் வாயில் வேறு பேர் கிடையாது. பத்திரிகையில் அச்சடித்த பேர் கண்ணில்தான் பட்டது, நாக்குக்கு வரவில்லை.

அந்தத் தம்பி ஒழுங்கான ஆள். சொன்னதைச் சொன்னபடி அடித்தான். அச்சுக்குப் போகும் முன் படத்தை எனக்கு அனுப்பி, சரியா என்று கேட்டான். நான் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் மீசை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். மேலே இருந்த எழுத்தைப் பார்க்கவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படத்தை அனுப்பினேன்.

கல்யாணத்தன்றைக்கு விடியக் காலையில் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கருப்பையாதான் முதலில் பார்த்துப் போன் போட்டான். நான் திட்டிய பயத்தில் அவன் அந்தப் பேரைச் சொல்லவே இல்லை. வாங்கண்ணே, வந்து பாருங்க, அம்புட்டுத்தான் சொல்வேன் என்றான்.

'அழுகுணி இல்லத் திருமண விழா.'

எழுத்துக் கூட்டிப் படித்தேன். எல்லாவற்றையும்விட அந்த எழுத்துதான் பெரிதாக இருந்தது.

ஏணியைப் பிடித்த கை

பிளக்ஸையே அவிழ்த்துவிடலாம் என்றான் கருப்பையா. ஆறு கம்பில் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்க்கப் பத்து ஆள் வேண்டும். அதோடு என் படமும் போய்விடுமே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கருப்பையா நான் ஏறுகிறேன் என்றான். விடவில்லை. வைத்தவன்தான் எடுக்க வேண்டும்.

ஈரப் பிளக்ஸ் லேசில் அறுபடாது. முதல் எழுத்தை அறுப்பதற்குள் தோள் கடுத்தது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அவர்கள் வீட்டுப் பெண்கள் எழுந்து அண்ணாந்து பார்த்தார்கள். அவர்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பாஷை எனக்குத் தெரியாவிட்டாலும் விரல் எந்த எழுத்தைக் காட்டுகிறது என்று தெரியாமல் போகுமா?

ஏணி ஆடியது. கருப்பையா என்று அதட்டினேன். குனிந்து பார்த்தால் ஏணியைப் பிடித்திருந்தது பெண்ணைப் பெற்றவர். பட்டு வேட்டி, நெற்றியில் நாமம், தோளில் அங்கவஸ்திரம். அண்ணாந்து பிளக்ஸைப் பார்த்தார். மீதி இருந்த எழுத்தைப் பார்த்தார்.

நான் என்ன சொல்ல? வாய்க்கு வாய் பேசுகிறவன். கத்தியை அடுத்த எழுத்துக்கு நகர்த்தினேன்.

"காலப் பாத்து வைங்கண்ணே. நான் புடிச்சிக்கிறேன்" என்றார்.

கடைசி எழுத்தை அறுத்து முடிக்கவும் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் இறங்கினார். சம்பந்தி ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மேலே ஒரு கிழவன் கையில் பிளக்ஸ் துண்டோடு தொங்குகிறான். பிளக்ஸில் நான்கு அடிக்கு ஒரு ஓட்டை, அதன் வழியே வானம் தெரிகிறது.

என்ன ஆச்சு என்று கேட்டார்.

தப்பு என்னுடையது, பேரை மாற்றி அடிக்கச் சொல்லிவிட்டேன் என்றேன். பிளக்ஸ் கடைத் தம்பி தலையில் போட்டிருக்கலாம். அந்த அளவுக்கு நான் கீழே போகவில்லை.

அவர் ஓட்டையைப் பார்த்தார். அதற்குக் கீழே இருந்த என் படத்தைப் பார்த்தார். "படம் நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தத் துண்டை நாலாக மடித்து என் நாற்காலிக்கு அடியில் போட்டு, அதன் மேல் கால் வைத்தபடிதான் முகூர்த்தம் பார்த்தேன்.

மேடைக்குப் போய் அட்சதை போட்டேன். பெண் குனிந்து காலைத் தொட்டாள். நிமிரும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னாள். மாடியில் மணப்பெண் அறை ஜன்னல் வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பெரியப்பா, எங்க அப்பா பேரு நீலமேகம்."

குரலில் கோபமே இல்லை. தெரியாத ஆளுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நீலமேகம்" என்றேன். மாப்பிள்ளைக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகவே சொன்னேன். இந்தக் கதையில் நானும் இவ்வளவு நேரம் அவர் பேரைச் சொல்லாமல்தான் வந்திருக்கிறேன். நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை.

அவரவர் பேர்

திங்கட்கிழமை காலை எல்லாரையும் மறுபடி கூட்டினேன். இந்தத் தடவை சட்டம் போடவில்லை. ஒவ்வொரு ஆளாக, உன்னை எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டேன்.

பதில் நான் நினைத்த மாதிரி வரவில்லை. கருப்பையா, சவுண்டு என்றே இருக்கட்டும் என்றான். வீட்டில் பெண்டாட்டி முன்னால் சத்தமே வருவதில்லையாம். இங்கேயாவது அந்தப் பேர் இருக்கட்டும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

பேச்சியம்மா மட்டும் சிரிக்கவில்லை. துடைக்கிற துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"என்னையப் பேச்சின்னே கூப்புடுங்கண்ணே. எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் அந்தப் பேரச் சொல்ல ஆளில்ல."

பத்து வருஷமாக நான் அவளைக் குச்சி என்று கூப்பிட்டிருக்கிறேன். வாய்விட்டுக் கேட்க எனக்கு இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று.

நீலமேகத்திடம் கேட்கவில்லை. அவர் மகள் சொல்லிவிட்டாளே.

கடைசியில் எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. இனி இந்த ஷெட்டில் ஒருத்தருக்குப் பிடிக்காத பேர் எதுவும் கிடையாது, அதோடு முடிந்தது என்றேன். கருப்பையா குஷியில் இருந்தான். அவன் தொண்டைதான் உங்களுக்குத் தெரியுமே.

"அப்ப உங்களுக்கு வச்ச பேரண்ணே?"

பேச்சி துணியால் வாயை மூடிக்கொண்டாள். ஒருவன் செருப்பைப் பார்த்தான். ஒருவன் கூரையைப் பார்த்தான். கருப்பையாவின் முகம் செத்துவிட்டது.

எனக்கு வைத்த பேரா? நான் வாய் திறப்பதற்குள் நீலமேகம் நடந்துபோய்ப் பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரசரைப் போட்டார். அது ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. எல்லாரும் விட்டால் போதும் என்று அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

டீ வேளையில் நீலமேகத்தைப் பிடித்தேன். என்ன பேர் என்று கேட்டேன். அதட்டிக் கேட்டேன், பிறகு கெஞ்சியும் கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"அது எதுக்குண்ணே? இருபது வருசமா உங்க காதுல விழாமப் பாத்துக்கிட்டோம். இனியும் பாத்துக்கிறோம்."